பதினொருவரில் இல்லாத அக்கா

அந்த ஆண்டு மழை ஓய்ந்த பருவத்தில் நம் தோட்டத்தில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆசிய நாடுகளின் மகளிர் ஹாக்கித் தொடருக்கான நம் நாட்டு அணியில் என் அக்காவின் பெயர் வந்தது.
2. தோட்டத்து மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டியைத் துடைத்து, நாற்காலி போட்டோம்.
3. முதல் ஆட்டத்தில் களம் இறங்கும் பதினொருவரின் பெயர்களை வாசித்தார்கள். அக்கா அதில் இல்லை.
4. மண்டபம் காலியானது.
5. அக்காவைக் கூட்டிவர அப்பா தலைநகருக்குப் புறப்பட்டார், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியில். நானும் போனேன்.
6. அக்கா அந்த லோரியில் ஏறவில்லை.
7. எங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்க் போனது.

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒருவர் அந்த மண்டபத்தின் படத்தைப் போட்டதும், ஆளாளுக்கு அந்த நாளைப் பற்றி எழுதினீர்கள். அன்று மின்சாரம் போனது என்றார் ஒருவர். பெருமழை என்றார் இன்னொருவர். நம் அணி தோற்றதால்தான் எழுந்து போனோம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மூன்றும் தவறு. நமக்கெல்லாம் முப்பது வயதுதான் ஆகப்போகிறது, அதற்குள் இப்படி. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடைக் கருவிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்பது என் வேலை. எண் போடாமல் எழுதத் தொடங்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாக்கி நம் தோட்டத்துக்கு அக்கா கொண்டுவந்தது அல்ல. நாமெல்லாம் ஆடியதுதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு வரப்பில் குவித்துப் போடுவார்கள் அல்லவா, அந்தக் குவியலில் தேடினால் அடியில் வளைந்த கட்டை ஒன்றாவது கிடைக்கும். சாம்பல் பூத்த பட்டையை உரித்தால் உள்ளே வழவழவென்று வெளிர்மஞ்சள். கனம் அதிகம். அடித்தால் உள்ளங்கையில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். அக்காவின் முதல் மட்டை அப்படிப்பட்ட கட்டைதான். இடைநிலைப் பள்ளியில் ஒரு சிக்கு, அந்த மலாய் ஆசிரியையை நாமும் அப்படித்தான் கூப்பிட்டோம், அவளுக்கு உண்மையான மட்டை ஒன்றைக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கட்டை என்னிடம் வந்தது. பின்னர் எங்கே போனது என்று தெரியவில்லை. அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணியில் பெயர் வந்த பிறகு ஒரு நிருபர் வந்து, கொழுந்து எடுத்துத்தான் உங்கள் மணிக்கட்டு இப்படி உறுதியானதா என்று அக்காவைக் கேட்டார். "நான் ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்லைங்க. எங்க அப்பா தோட்டத்துப் பக்கம் விடவே மாட்டாரு" என்றாள் அக்கா. செய்தியில் மட்டும் அவள் கொழுந்து எடுத்தே வளர்ந்திருந்தாள்.

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் எல்லா நாட்டு அணிகளும் வந்தன. நாட்டுக்குப் பதினெட்டுப் பேர். கோல் காப்பவர்கள் முதலில், பிறகு தடுப்பு, நடுக்களம், முன்வரிசை. எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கவே அவ்வளவு பிடித்தது. வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். நம் நாட்டு வரிசையில் கீழிருந்து மூன்றாவதாக அக்கா. மேலேயும் கீழேயும் நமக்குத் தெரியாத பெண்களின் பெயர்கள். நடுவில் நாம் தினமும் கூப்பிடும் பெயர், அதே அச்சில், அதே அளவில்.

நாடுகளைப் பிரித்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மேல் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஜப்பான். கீழ் லைன் கொரியா. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தவர்கள் சீனா. சிங்கப்பூராக இருக்க யாருக்கும் விருப்பமில்லாததால் கிராணியின் மகள் ஒருத்தியே சிங்கப்பூர் ஆனாள். அலுவலகக் கணக்கரின் மகள் என்பதால் அவள் அழுதால் நமக்கு ஆபத்து என்று தெரிந்தும் அப்படிச் செய்தோம். அவரவர் நாட்டின் பதினெட்டுப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும் என்பது விதி. கொரியாக்காரர்கள் பாதியிலேயே சிரித்துவிடுவார்கள்.

இனி அப்பா. அவர் நம் தோட்டத்துக் கங்காணி. காலையில் பண்டசாலைக்கு முன்னால் பெரட்டு நடக்கும்போது நின்று பெயர் வாசிப்பவர் அவர்தான். ஆட்கள் வந்து நிற்பார்கள், மூச்சுக்காற்று புகையாகப் போகும், அப்பா ஒவ்வொரு பெயராகச் சொல்வார். எந்த மலை, எந்த வேலை என்று சேர்த்துச் சொல்வார். கொழுந்து வெட்டு மிஷின் வந்த பிறகு எல்லாருக்கும் தினமும் வேலை இல்லை. பெயர் வாசிக்கப்படாதவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படிப் பெயர் விடுபட்டவரை நம் ஆட்கள் நடத்தும் விதம் ஒன்று உண்டு. அது எழுதிவைத்த விதி இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். முதலாவது, அவரைப் பார்க்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தலைத்துணியை அவிழ்த்துக் கட்டுவார்கள், பூட்ஸில் இல்லாத மண்ணைத் தட்டுவார்கள். இரண்டாவது, அவரைத் தனியாக நடக்க விடக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு போய், பண்டசாலைச் சுவரோரம் நின்று ஆளுக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டு, சேர்ந்து நடந்து வருவார்கள். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாக வருவதைவிட, இரண்டு பேராக எதையாவது பேசிக்கொண்டு வருவது சுலபம். அப்பாவே பெயர் வாசிக்காமல் விட்டவர்களுக்கு, அம்மாவிடம் தேநீர் வாங்கிக்கொண்டு அப்பாவே போய் நின்றிருக்கிறார்.

அக்காவுக்கும் அப்பாவுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கோலா தெர்லாவில் பூத்தோட்டம் வைத்திருந்த பெரியப்பா, சாமந்திப் பூக்களைக் கட்டி அனுப்பும் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். படித்த பிள்ளை, சொந்தப் பிள்ளை வேண்டும் என்று அக்காவைக் கேட்டார். கொஞ்ச நாள் பொறுக்கிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

அணி அறிவிப்பு வந்த மாலையில் அப்பா அக்காவை உட்காரவைத்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பேரு இருக்கற வரைக்கும் ஆடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேரு விடுபட்டுச்சுன்னா பூக்கொட்டகை. அதுக்கப்புறம் மட்டையத் தொடக்கூடாது."

"சரிப்பா."

"நெசமாவா?"

"சரின்னு சொன்னேன்லப்பா."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "அப்பனும் மகளும் ஒரே கட்டை. ரெண்டும் வளையாது" என்றாள்.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மண்டபத்தில் அவித்த கடலையின் ஆவி. ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாசம். நாம் முன்வரிசையில் தரையில், நாட்டு வாரியாக. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் வேலை, வர முடியவில்லை. அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரட்டுக்குப் போடும் அதே நீலச் சட்டை, அன்று இஸ்திரி போட்டது.

திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. அறிவிப்பாளர் பெயரை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நாம் கை தட்டினோம், அடுத்தது அக்காதான் என்று. பதினொன்று முடிந்தது. இசை வந்தது. கேமரா வெளியே பெஞ்சைத் தடவிக்கொண்டு போனது. அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள். சீருடைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு கையில்லாப் பனியன். சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி.

அப்பா எழுந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் நகர்த்திவிட்டு வெளியே போனார்.

அடுத்து நடந்ததுதான் உங்களில் பலருக்கு மறந்துபோனது. பெரியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெயர் விடுபட்டவரைப் பார்க்கக் கூடாது. அவள் திரையில் இருந்தாலும் அதே மரியாதைதான். கிராணி எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வெளியேறினார்கள். கடலைச் சட்டி அப்படியே இருந்தது. நம் நாட்டுக்காக ஆடப்போன ஒரு பெண்ணின் முதல் சர்வதேச ஆட்டத்தை, அவள் மேல் வைத்த மரியாதையால், அவளுடைய தோட்டம் முழுவதும் சேர்ந்து பார்க்காமல் விட்டது.

நமக்குக் கால்பந்து தெரியும். அதில் வெளியே உட்கார்ந்தவர் பெரும்பாலும் கடைசிவரை உட்கார்ந்தே இருப்பார். பள்ளி ஹாக்கி அணியிலோ பதினொருவரைத் திரட்டுவதே பெரும்பாடு, பெஞ்சே கிடையாது. அக்கா வெளியே உட்கார்ந்து நாம் பார்த்ததே இல்லை.

வாசலில் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, மொத்தம் பதினெட்டுப் பேருப்பா. பதினோரு பேருதான்..."

"வீட்டுக்கு நட."

அம்மா வேலை முடிந்து, தலைமுடியில் தேயிலைத் தூசியோடு வந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சட்டை போட்டிருந்தாளா?"

"என்ன சட்டை?"

"நாட்டுச் சட்டைங்க. போட்டிருந்தாளா இல்லையா?"

"போட்டிருந்தா. மேல மஞ்சத் துணி ஒண்ணப் போட்டு மூடி வெச்சிருக்காங்க. நம்பர் தெரியக் கூடாதுன்னு. அவ்ளோ வெக்கமாப் போச்சு பிள்ளைக்கு."

"பேரு விடுபட்டவளுக்கு எதுக்குச் சட்டை? ஒக்காத்தி வெச்சு அழகு பாக்கவா?"

"ஒனக்குப் பெரட்டப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சட்டை போட்டிருந்தாளான்னுதான் கேட்டேன்."

அக்காவிடம் கேட்க வழியில்லை. தொடர் முடியும்வரை ஆட்டக்காரர்களின் கைப்பேசிகளை அணி நிர்வாகி வாங்கி வைத்திருந்தார். மறுநாள் செய்தியில் நாம் வென்றதும், கோல் போட்டவர்களின் பெயரும் மட்டும்தான் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் தம்பி கம்போங் ராஜாவிலிருந்து லோரியோடு வந்தார். தலைநகரின் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவது மாமாவின் வேலை. பின்னால் கூடை கூடையாக முட்டைக்கோஸ், மேலே பச்சைத் தார்ப்பாய். அப்பா முன்பக்கம் ஏறினார். என்னை ஏன் அழைத்துப் போனார் என்று அப்போது தெரியவில்லை. திட்டும்போது சாட்சிக்கு ஒருத்தி வேண்டும்போல என்று நினைத்தேன். மடியில் ஒரு பை வைத்திருந்தார். அதில் என்ன என்று கேட்கப் பயமாக இருந்தது.

"பிள்ளைய இந்த லோரிலயா கூட்டியாரப் போறீங்க மச்சான்? கோபிஸ் கூடைக்கு நடுவுல?" என்றார் மாமா.

"முன்னால ஒக்காரட்டும். நான் பின்னால ஏறிக்கறேன்."

"நல்லாருக்கும். கங்காணி காலிக் கூடை மேல குந்திக்கிட்டு மலையேறுவாரு."

அப்பா சிரிக்கவில்லை. மாமா வானொலியைப் போட்டார், பிறகு அவரே அணைத்தார். மலை இறங்க இறங்கக் காது அடைத்தது. கையிலிருந்த கம்பளித் தொப்பியை மாற்றி மாற்றிப் பிடித்தேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் வெயில் கண்ணாடி வழியாகத் தொடையைச் சுட்டது. அப்பா மட்டும் கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. வழியில் மாமா கடை பார்த்து நிறுத்தினார். அப்பா இறங்கவில்லை, பசியில்லை என்றார். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே லோரியில் ஹாக்கி அரங்கத்துக்குப் போனோம். வாசலில் காவலர் லோரியைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தார். மாமா தலையை வெளியே நீட்டி, ஆட்டக்காரியின் அப்பா வந்திருக்கிறார் என்று மலாயில் சொன்னார். காவலர் லோரியை இன்னொரு தடவை பார்த்தார், அப்பாவின் கம்பளிச் சட்டையைப் பார்த்தார், ஓரமாக நிறுத்தக் காட்டினார். வண்டி நின்ற பிறகும் முட்டைக்கோஸ் வாசம் எங்களோடேயே உள்ளே வந்தது.

அந்த நீலத் தரையை நீங்கள் யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் தெளித்து, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. பந்து போகும் இடமெல்லாம் தண்ணீர் விசிறியடித்தது. எதிரே கொரியா. பதினொருவரின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்றும் அக்கா இல்லை.

அப்பா எழுந்தார். படி இறங்கி, இடுப்பளவு வேலிக்கு அருகில், நம் அணியின் பெஞ்சுக்கு நேர்ப் பின்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். பச்சை உடுப்பு போட்ட தொண்டூழியப் பெண் ஒருவர், "என்சிக், தாக் போலே லா" என்று கையை ஆட்டினார். அங்கே நிற்கக் கூடாதாம். அப்பா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அங்கேயே நின்றார். பிறகு பையைத் திறந்தார். உள்ளே அக்காவின் குளிர்ச்சட்டையும், சிவப்பு பிளாஸ்கும், இரண்டு கோப்பையும் இருந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் திட்ட வரவில்லை. கூட நடக்க வந்திருந்தார்.

"அம்மாடி" என்றார், பெஞ்சைப் பார்த்து.

அக்கா திரும்பினாள். வாயில் பல்காப்பு இருந்தது. அதைக் கையில் துப்பிக்கொண்டாள்.

"அப்பா? எப்பப்பா வந்தீங்க? நீ எப்படிடி வந்த?"

"வாம்மா. போலாம். பரவால்ல. டீ கொண்டாந்திருக்கேன்."

"எங்கப்பா போலாம்?"

"வீட்டுக்குத்தான். பேரு விடுபட்டா என்னா இப்ப? ஒலகமா முடிஞ்சுபோச்சு? மாமா லோரி வெளிய நிக்குது. ஒருத்தரும் ஒன்னப் பாக்க மாட்டாங்க."

அக்கா அப்பாவைப் பார்த்தாள், பிளாஸ்கைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஒப்பந்தம் அவளுக்கும் நினைவிருந்தது. அப்பா வா என்றால் அவள் வந்துதான் ஆக வேண்டும்.

"யாரு சொன்னா விடுபட்டுச்சுன்னு?"

"ரெண்டு நாளா படிக்கறாங்கம்மா. நானே காதால கேட்டேன்."

"அது மொதல்ல எறங்கறவங்கப்பா! நான்..."

பயிற்றுநர் அவளுடைய எண்ணைச் சொல்லிக் கத்தினார். அக்கா எழுந்தாள். மஞ்சள் பனியனைத் தலைவழியாக உருவினாள். உள்ளே எண் போட்ட சட்டை, முதுகில் அவள் பெயர்.

"இதக் கொஞ்சம் பிடிங்கப்பா" என்று பனியனை வேலிக்கு மேல் அப்பாவின் கையில் திணித்தாள். பல்காப்பைக் கடித்தாள். கோட்டோரம் போய் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அக்கா உள்ளே ஓடினாள்.

அப்பா ஒரு கையில் பிளாஸ்கும் ஒரு கையில் மஞ்சள் பனியனுமாக அசையாமல் நின்றார்.

அக்கா ஓடினாள், குனிந்தாள், ஒரு கொரியப் பெண்ணின் மட்டையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தாள். அரங்கம் கத்தியது. கொஞ்ச நேரம்தான். பயிற்றுநர் மறுபடி எண்ணைச் சொல்ல, அக்கா வெளியே ஓடி வந்தாள்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் மெல்ல. குளிர்ச்சட்டையை விரித்துப் பிடித்தார்.

அக்கா தண்ணீரை மடமடவென்று குடித்தாள், வேலிக்கு மேல் கையை நீட்டிப் பனியனை வாங்கி மாட்டினாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடி அவள் எண். பனியன் மறுபடி அப்பாவின் கைக்கு வந்தது.

இப்படியே இன்னும் சில தடவை. அக்கா மட்டுமல்ல, எல்லாருமே இப்படித்தான் போவதும் வருவதுமாக இருந்தார்கள். முதலில் பெயர் வாசிக்கப்பட்டவர்களும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி போனார்கள். அப்பா ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் கோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கும் ஏதோ ஒன்றை அங்கே கண்டதுபோல.

வெட்டு மிஷினை நீங்கள் மறந்திருக்க முடியாது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடித்து நடக்க, பின்னால் நீளத் துணிப்பை காற்றில் உப்பிக்கொண்டு வரும். கனமான மிஷின். ஒரே ஆள் நாள் முழுக்கத் தூக்கினால் தோள் போய்விடும். அதனால் ஒவ்வொரு மிஷினுக்கும் மாற்றுக் கை என்று கூடுதல் ஆட்கள் உண்டு. வெறுங்கையோடு கூடவே நடப்பார்கள். தூக்குபவர் மூச்சு வாங்கினால் ஓட்டம் நிற்காமலே கை மாற்றிக்கொள்வார்கள். புதிதாக வரும் துரைமார் அவர்களைப் பார்த்து, இந்த ஆள் ஏன் சும்மா நடக்கிறான் என்று கேட்பார்கள். சும்மா இல்லை என்று ஒவ்வொரு துரைக்கும் விளக்கிச் சொன்னவர் அப்பாதான்.

வேலியோரம் மாமா வந்து சேர்ந்தார், கையில் ஒரு பொட்டலம் கச்சான் கடலையோடு. அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள. இது மிஷின் மாத்தறதுலா."

"எது?"

"இதான். ஓடறதுல தோளு போயிரும்னு கை மாத்தறாங்க. பெரட்டு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு மாப்ள. பேப்பர்ல பதினெட்டுப் பேர போட்டாங்க பாரு, அதான் பெரட்டு. டிவில படிச்சது மிஷின மொதல்ல யாரு தூக்கறதுன்னு. அவ்ளோதான்."

மாமா கச்சானை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "இது நீங்க தெனமும் செய்யற வேலைதானே மச்சான்? இதக் கண்டுபிடிக்கவா கோபிஸ் லோரில இவ்ளோ தூரம் வந்தோம்?"

"நான்தான் நேத்தே சொன்னேனே, பதினெட்டுப் பேருன்னு" என்றேன்.

"ஆமா, சொன்னா" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஆனால் என் தலையில் கை வைத்தார், இடைவேளை வரும்வரை எடுக்கவில்லை.

இடைவேளையில் அப்பா பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார். "டீ?"

"ஆட்டத்து நடுவுல டீயாப்பா? வாந்தி எடுத்துருவேன்" என்று அக்கா சிரித்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெறும் வியர்வையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

பெஞ்சின் கோடியில் ஒரு பெண் கால் முழுக்கக் கவசம் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவள் எழவே இல்லை. அப்பா கேட்டார், "அந்தப் பிள்ளைய ஏம்மா கூப்பிடவே மாட்டறாங்க?"

"அவ ரெண்டாவது கோலிப்பா, கோல் காக்கறவ. மொத கோலிக்கு அடிபட்டாத்தான் எறங்குவா. இல்லேன்னா தொடர் முழுக்க இப்படித்தான்."

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு வேலியோரமாகவே நடந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, கோப்பையில் தேநீர் ஊற்றி நீட்டினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அக்கா அங்கிருந்தே மலாயில், "எங்கப்பா. குடி, நல்லாருக்கும். எங்க மலைத் தேயிலை" என்றாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்பாவும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்த மலாய்ச் சொற்கள் குறைவுதான். மழை பெய்யுமா என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சை உடுப்புப் பெண் அதற்குள் எங்களைத் துரத்துவதை விட்டிருந்தார்.

நம் அணி தோற்றது. கீழ் லைன் கொரியாக்காரர்களே, அன்று நீங்கள்தான் வென்றீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற அணியின் ஆட்களில் அப்பாவைப்போல மகிழ்ச்சியாக அந்த அரங்கத்தைவிட்டு வெளியே வந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. குளிர்ச்சட்டையை அக்காவிடமே விட்டுவிட்டார். அணிப் பேருந்து கிளம்பும்வரை கையாட்டினார். அதன் பிறகுதான் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். உள்ளே நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமாவின் கைப்பேசியை வாங்கி கோலா தெர்லாவுக்குப் பேசினார்.

"அண்ணே, அந்த எடத்துக்கு வேற பிள்ளைய வெச்சுக்குங்க... இல்லண்ணே, வரல... எம்பிள்ளைக்கு வேல இருக்கு... பெரட்டெல்லாம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சுண்ணே."

பெரியப்பா அந்தப் பக்கம், என்ன பெரட்டு, யாருக்குப் பெரட்டு என்று கத்தியது எனக்கும் கேட்டது. அப்பா கைப்பேசியை மாமாவிடம் கொடுத்தார். சாலையோரக் கடையில் மீ கோரேங் ஒரு தட்டு சாப்பிட்டார், இன்னொரு தட்டு வாங்கினார். லோரி கிளம்பியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாய் திறந்தபடி தூங்கினார். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள், "என்னங்க, சட்டை?" "போட்டிருந்தா" என்றார் அப்பா. "உள்ள போட்டிருந்தா." அம்மா தட்டு வைக்கப் போனாள். பிளாஸ்க் எங்கே என்று கேட்டது மறுநாள்தான்.

நினைக்கும்போது, என்ன நடந்தது என்பதைவிட என்ன நடக்கவில்லை என்பதுதான் எனக்கு நிம்மதி தருகிறது. அப்பா அன்று வீட்டிலேயே இருந்து, தொடர் முடிந்து வந்த அக்காவிடம் ஒப்பந்தத்தை நினைவுபடுத்தியிருந்தால், அவள் ஒரு வார்த்தை பேசாமல் பூக்கொட்டகைக்குப் போயிருப்பாள். கேட்டால் விளக்கியிருப்பாள், ஆனால் நம் ஆட்கள் பெயர் விடுபட்டவரிடம் எதையும் கேட்பதில்லை. அப்பா தேநீர் எடுத்துக்கொண்டு கூட நடக்கப் போனார். அதனால்தான் அவருக்குத் தெரிந்தது.

இப்போதைய நிலைமை: அக்கா அதற்குப் பிறகு சில ஆண்டுகள் நாட்டு அணியில் ஆடினாள். முதல் பதினொருவரில் அவள் பெயர் வந்தது மிகச் சில தடவைதான். களம் இறங்காத ஆட்டமும் மிகச் சிலதான். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, பிள்ளைகள் அவளைச் சிக்கு என்று கூப்பிடுகிறார்கள். கோலா தெர்லா கொட்டகைக்குப் பெரியப்பா வேறு பிள்ளையை வைத்துக்கொண்டார், அவள் இன்று அங்கே பங்குதாரர். அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது, முழங்கால் வலி தவிர நலம். பிளாஸ்க் திரும்பி வரவில்லை. இரண்டாவது கோலியிடம் விட்டதுதான். தோட்டத்து மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டி புதிது. ஆட்டம் முடியும்வரை அதை யாரும் அணைப்பதில்லை.